வெண்டல் ப்ரூக்னர் காத்த அந்தரங்கம்

பெல்மர் ஊரில் வெண்டல் ப்ரூக்னரைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவனை நல்லவன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் நல்லவன் என்று பெயர் வாங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும் பனியைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். லூத்தரன் கோயில் நிலவறையில் காப்பிப் பாத்திரத்தை ஒரு தடவை கழுவி வைத்தால் போதும். வெண்டல் இரண்டையும் செய்தான், யாராவது பார்த்துக்கொண்டிருந்த நேரங்களில்.

அவன் அப்பா வெண்ணெய் ஆலையில் பீப்பாய் உருட்டியவர். வாய் திறக்காத மனிதர். மகன் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான், வேதியியலில் இரண்டு தடவை தோற்றான், பிறகு சுலபமான பாடத்துக்குத் தாவி எப்படியோ ஒரு பட்டத்தைத் தேற்றினான். தேற்றிய கையோடு அதே பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? மாணவர் கோப்புகள் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்து, ப்ரூக்னர் என்று பெயர் போட்ட கோப்பை உருவித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டான். மாணவர்களின் மதிப்பெண்ணை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று வாஷிங்டனில் சட்டம் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். ஊருக்குச் சட்டம் வருவதற்கு முன்பே தன் அந்தரங்கத்தைத் தானே காத்துக்கொண்ட முன்னோடி அவன்.

அந்தச் சட்டம் வந்த நாளில்தான் வெண்டலுக்கு உண்மையில் வேலை கிடைத்தது என்று சொல்ல வேண்டும். அதுவரை கேட்டதை எடுத்துக் கொடுக்கிற ஆளாக இருந்தான். இப்போது இல்லை என்று சொல்கிற ஆளாகிவிட்டான். பெற்றோர்கள் மாட்டுக் கொட்டிலை அப்படியே விட்டுவிட்டு, பனிச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து ஜன்னலில் நிற்பார்கள். மகன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது முகமே சரியில்லை, படிக்கிறானா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்பார்கள்.

"பையனுக்குப் பதினெட்டு ஆயிடுச்சா?" என்பான் வெண்டல்.

"போன ஏப்ரல்லயே ஆயிடுச்சு."

"அப்ப அவன்கிட்டயே போய்க் கேளுங்க. அவன் மார்க் அவனோட சொத்து. நான் வாயைத் திறந்தா என் வேலை போயிடும்."

சொன்னது சட்டப்படி சரிதான், அதில் பிழை சொல்ல முடியாது. சொல்லும்போது அவன் முகத்தில் தெரியும் அந்தத் திருப்தியைத்தான் சகிக்க முடியாது. விருந்து முடித்து எழுந்தவன் முகம் மாதிரி இருக்கும்.

சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு மாணவன் தன் கோப்பில் தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் காட்டியாக வேண்டும். அந்தப் பக்கம் வெண்டலுக்கு அவ்வளவு பிடித்தமில்லை. கேட்டவர்களிடம், "காட்டறதுக்கு எங்களுக்கு அவகாசம் இருக்கு தம்பி, எழுதிக் குடுத்துட்டுப் போ" என்பான். எழுதிக் கொடுத்தவன் படித்து முடித்து, கல்யாணமும் செய்துகொண்டு போயிருப்பான்.

அவன் காத்த அந்தரங்கத்தின் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஜன்னல் வரிசையில் ஐந்து நிமிஷம் நின்றிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மாணவர் எண் என்று தனியாக ஒன்று கிடையாது; வரி கட்ட, சம்பளம் வாங்க, சாகும்வரை எல்லாவற்றுக்கும் அரசாங்கம் கொடுத்த எண்தான் அங்கேயும். அதைத் திருடன் தெரிந்துகொண்டால் ஒருவன் பெயரில் கடனே வாங்கிவிடலாம். அதைத்தான் வெண்டல், "உரக்கச் சொல்லும்மா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேக்காது" என்று கத்த வைப்பான். பிறகு தானும் ஒரு தடவை கத்திச் சரிபார்ப்பான். பிறகு கோப்பைப் பிரித்து, "ஓ, புள்ளியியல்ல போயிடுச்சா? மறுபடி எடுக்கணுமே!" என்பான். பின்னால் நிற்கிற இருபது பேரும் தரையைப் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன் வறுவலுக்கு ஊரே ஆற்றோர விடுதியில் கூடும். வெண்டலுக்கு அங்கே நிரந்தரமான மேசை. முன்னால் ஆலிவ் மிதக்கும் பிராந்தி, எதிரே குழாய் ரிப்பேர்காரன் நார்ப், பக்கத்தில் மனைவி ஆர்டிஸ். ரை ரொட்டி வந்ததும் ஆரம்பித்துவிடுவான்.

"பேர் சொல்ல மாட்டேன். சட்டம். ஆனா தெற்குத் தெரு மருந்துக்கடைக்காரர் இருக்காரே, மூக்கு மேல மச்சம், அவரோட ரெண்டாவது பையன்..."

"அவருக்கு மொத்தமே ரெண்டு பையன்தானேடா," என்பான் நார்ப்.

"நான் பேரச் சொன்னேனா? சொல்லல. நீதான் கண்டுபுடிச்ச."

ஆர்டிஸ் கோஸ் துருவலை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இதெல்லாம் அலுத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது.

இதற்கெல்லாம் மேலே அவன் மனசுக்கு நெருக்கமான வேலை ஒன்று இருந்தது. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களின் பெயரை, அவரவர் சொந்த ஊர் வாரப் பத்திரிகைக்கு அனுப்பி வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாப் பல்கலைக்கழகமும் செய்கிற வழக்கம்தான். தீவன விலைக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவே, இன்னார் மகள் இன்னார் சிறப்புத் தகுதி பெற்றாள் என்று வரும். பாட்டி தாத்தாக்கள் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பார்கள். பெயர், ஊர், தகுதி மட்டும் வெளியிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேண்டாம் என்று மாணவர் எழுதிக் கொடுத்துவிட்டால் அதையும் வெளியிடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

வெண்டலுக்கு அந்தப் பட்டியல் தன் கையால் கொடுக்கிற பிரசாதம். அலுவலகச் சுவரில் விஸ்கான்சின் மாநில வரைபடம் ஒன்றை மாட்டி, எந்தெந்த ஊருக்குச் செய்தி போனதோ அங்கெல்லாம் சிவப்புக் குண்டூசி குத்தி வைத்திருந்தான். வடக்கே ஹோல்வே என்று ஒரு கிராமம், அங்கே மட்டும் குண்டூசி இல்லை. அந்த ஊரிலிருந்து யாரும் பட்டியலுக்கு வந்ததில்லை. சுற்றிலும் சிவப்பு, நடுவில் ஹோல்வே மொட்டை. உறுத்தியது அவனுக்கு.

அந்த ஹோல்வேயிலிருந்துதான் மார்லிஸ் ஹெய்ன் வந்தாள். நாற்பத்தைந்து வயது. கணவன் லைல் பால் மாடு வைத்திருக்கிறவன். இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் பெல்மர் வான்கோழி ஆலையில் காலை வேலை பார்த்தாள், மத்தியானம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போனாள். கணவனிடம் சொல்லியிருந்தது ஆலையில் முழுநாள் வேலை என்று.

அவள் ஒரு செப்டம்பர் மாதம் ஜன்னலுக்கு வந்தாள்.

"என் பேர எங்கயும் வெளியிட வேண்டாம்னு எழுதிக் குடுக்கணும். அதுக்கு ஒரு தாள் இருக்காமே."

"எதுக்கு?"

"வெளியிட வேண்டாம்னுதான்."

"அது புரியுது மிஸஸ் ஹெய்ன். எதுக்குன்னு கேக்கறேன்."

காரணம் கேட்கச் சட்டத்தில் இடமே கிடையாது. அது அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அவள் கண்ணாடியில் இருக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து மெதுவாகச் சொன்னாள்.

"கேக்கல. உரக்கச் சொல்லுங்க."

ஆக அவள் வரிசைக்கே கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று. பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு தொழிற்கல்லூரியில் சேர்ந்தாள். லைல் தடுக்கவில்லை, கைநீட்டவில்லை, ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சிரித்தான். கோயிலில் ஆராதனை முடிந்த காப்பி நேரத்தில் அவள் பாடப் புத்தகத்தை எடுத்து வந்து எல்லோருக்கும் முன்னால் குரலை மாற்றி வாசித்துக் காட்டினான். மாடுகளுக்குக் கேள்வித்தாள் கொடுப்பது போல நடித்தான். அவன் நடிப்புக்கு ஊரில் நல்ல மதிப்பு. கொட்டிலில், கடையில், சந்தையில், எங்கே போனாலும் "என்ன புரொபசர்!" என்று சிரிப்பு. அறுவடை முடிவதற்குள் அவள் படிப்பை விட்டுவிட்டாள்.

"இந்தத் தடவ முடிக்கணும்," என்றாள். "முடிச்சுக் கையில வாங்கினப்பறம் எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கட்டும். அதுவரைக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

"அடடா," என்றான் வெண்டல், அவள் எழுதி நீட்டிய தாளை வாங்கிக்கொண்டே. கண்ணில் இரக்கமே வழிந்தது. "கவலையே படாதீங்க. இந்த ஜன்னலத் தாண்டி ஒரு ஈ போகாது."

வெள்ளிக்கிழமை அந்த ஈ மீன் தட்டைச் சுற்றிப் பறந்தது.

"பேர் சொல்ல மாட்டேன்," என்றான் வெண்டல். "ஒரு பொம்பள. கோழி ஆலைல முழுநாள் வேலைன்னு புருஷன்கிட்ட புளுகிட்டு இங்க வந்து வாத்தியார் படிப்பு படிக்குது. நாப்பத்தஞ்சு வயசு!"

"அடேங்கப்பா," என்றான் நார்ப். "மார்க்கெல்லாம் எப்படி?"

"அத நான் சொல்லவே கூடாது." ஒரு வாய் பிராந்தி உள்ளே போனது. "எல்லாத்துலயும் ஏ."

நல்லவேளை, லைலைத் தெரிந்தவர்கள் யாரும் அந்த விடுதியில் இல்லை. இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மார்லிஸ் அந்தப் பருவம் முழுக்கக் காலையில் இறகும் மத்தியானம் புத்தகமுமாக ஓடினாள். அதற்கு முன்னால் ஒன்றிரண்டு பாடமாக எடுத்ததால் பட்டியல் கணக்கில் வராதவள், இந்தத் தடவைதான் முழுப் பாடமும் எடுத்திருந்தாள். படிப்பு முடிய இன்னும் இரண்டு பருவம் பாக்கி இருந்தது.

ஜனவரியில் வெண்டல் புதுப் பட்டியலை வீட்டுக்கு எடுத்துவந்து சமையலறை மேசையில் பரப்பினான். ஆர்டிஸ் பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"பாரு, ஹோல்வே வந்துடுச்சு!" என்றான். "கடைசில வந்துடுச்சு!"

"யாரு?"

"பேர்..." என்று ஆரம்பித்து, மனைவியிடம் அந்தப் பம்மாத்து எடுபடாது என்று நிறுத்திக்கொண்டான். "அதான், அந்தக் கோழி ஆலைப் பொம்பள."

ஆர்டிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தம்மா போடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கில்ல? நீதானே சொன்ன?"

"அது கெட்ட சேதியப் போடாதேன்னு அர்த்தம். இது மரியாதைடி. மரியாதைய யாராச்சும் வேண்டாம்பாங்களா?"

"போடாதேன்னா போடாதேன்னுதான் அர்த்தம் வெண்டல்."

"அந்தப் புருஷன்காரன் பேப்பர்ல பாத்தா பூரிச்சுப் போவான். என் அனுபவத்துல சொல்றேன். எத்தன குடும்பத்தப் பாத்திருக்கேன்!"

"வேதியியல்ல உனக்குக் கிடைச்ச மரியாதைய மட்டும் ஏன் இழுப்பறைல பூட்டி வச்சிருக்க? அதையும் போடேன், ஊரே பூரிக்கட்டும்."

வெண்டல் காதில் விழாத மாதிரி தாளை அடுக்கினான். அவன் கெட்டவன் இல்லை என்று வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள்: அவன் மறக்கவில்லை, பழிவாங்கவில்லை, நல்லதுதான் நினைத்தான் என்பார்கள். நல்லது நினைத்தானாம்! அவன் நினைத்தது குண்டூசியை. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹோல்வேயில் குத்தினான். ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்து வந்த தூரம் மொத்தமும் அந்தச் சிவப்புத் தலைக்கு அடியில் போய்விட்டது. அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்து அழகு பார்த்தான்.

ஹோல்வே வாரப் பத்திரிகை வியாழக்கிழமை காலையில் வரும். அதன் ஆசிரியர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: "லைல் ஹெய்னின் மனைவி." லைல் தீவன ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆலைக்காரர் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாராம்.

"என்ன லைல், வீட்டுல வாத்தியாரம்மா உருவாகறாங்க, எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்த சொல்லல?"

"எந்த வாத்தியாரம்மா?"

அவ்வளவுதான். அங்கே இருந்த எட்டுப் பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் பெண்டாட்டி படிக்கிறாள் என்பதைத் தீவனக் கடையில் தெரிந்துகொண்டவன் என்று சிரித்தார்கள். ஒருவன் கையைத் தூக்கி, "புரொபசர் புருஷன் சார், வெளிய போகலாமா சார்?" என்றான். ஊரைச் சிரிக்க வைத்தே காலம் தள்ளியவனுக்கு முதல் முறையாக எதிர்ப்பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. தாங்கவில்லை. மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டு லாரியில் ஏறி நேராகப் பெல்மர் வந்தான்.

அவன் ஜன்னலுக்கு வந்தபோது வரிசையில் பத்துப் பதினைந்து பேர். சாணி அப்பிய ரப்பர் பூட்ஸோடு எல்லோரையும் தாண்டிப் போய் நின்றான்.

"மார்லிஸ் ஹெய்ன் எங்க இருக்கா? எந்த வகுப்பு? எத்தன நாளா நடக்குது இது?"

வெண்டல் எழுந்து நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். இந்த மாதிரிச் சந்தர்ப்பத்துக்காகத்தான் அவனைப் பெற்றவள் பெற்றாள் போலிருக்கிறது.

"நீங்க யாரு?"

"அவ புருஷன்."

"புருஷனா இருந்தாலும் சரி, மாநில கவர்னரா இருந்தாலும் சரி. அப்படி ஒருத்தர் இங்க படிக்கறாங்களா இல்லையான்னுகூட நான் சொல்ல மாட்டேன். சட்டம்."

லைல் மடித்து வைத்திருந்த பத்திரிகையைக் கண்ணாடியில் அறைந்தான். "அப்ப இத யாருய்யா போட்டது? உங்க தாத்தாவா?"

வெண்டல் குனிந்து படித்தான். தான் அனுப்பிய வரிதான். ஊர், பெயர், தகுதி, எல்லாம் பிழையில்லாமல் வந்திருந்தது. ஒரு கணம் அவன் முகத்தில் பெருமைகூட வந்தது என்று பின்னால் நின்ற ஒரு பெண் பிறகு சொன்னாள்.

"இது பொதுத் தகவல்," என்றான். "மத்ததெல்லாம் அந்தரங்கம்."

"மத்தது என்னய்யா மத்தது? ஊருக்கே சொல்லிட்டு எனக்கு மட்டும் சொல்ல மாட்டியா?"

"ஊருக்குச் சொல்லலாம். உங்களுக்குச் சொல்லக் கூடாது."

இதைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. அவ்வளவு உணர்ந்து சொன்னான் மடையன்.

அப்போதுதான் மார்லிஸ் உள்ளே வந்தாள். ஆலையின் சாப்பாட்டு அறையில் யாரோ அவளுக்குப் பத்திரிகையைக் காட்டி வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். தலையில் ஆலையின் வலைத்தொப்பியைக்கூட எடுக்காமல் வெண்டலைக் கேட்க ஓடி வந்தவள், ஜன்னலில் கணவனைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

லைல் திரும்பினான். அவளைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தான். வரிசையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான்.

"வாங்க புரொபசர், வாங்க! பாத்தீங்களா பிள்ளைகளா, இவங்கதான் உங்க கூடப் படிக்கற கொழந்த. காலைல கோழி உரிக்கும், மத்தியானம் பாடம் ஒப்பிக்கும். கோழி மேலயே மார்க் போட்டு அனுப்புதான்னு பாக்கணும்!"

சிரிப்பு வரட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டான். ஹோல்வேயில் அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும்.

இங்கே வரவில்லை. நல்ல மனசால் அல்ல; அப்படி யாரும் அந்தப் பிள்ளைகளைப் புகழ வேண்டாம். அவர்களுக்கு லைல் யாரென்றே தெரியாது. மார்லிஸ் மாதிரிக் கிராமத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அவர்கள் பாடத்தை மாற்ற வந்தவர்கள், கட்டண ரசீது கேட்டு வந்தவர்கள். முன்னால் நின்ற பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சார், உங்க வேலை முடிஞ்சுதுன்னா நகர்றீங்களா? எனக்குக் கிளாஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

லைலின் கையில் தொப்பி அப்படியே நின்றது.

மார்லிஸ் அதைப் பார்த்தாள். பத்து வருஷமாக எதைக் கண்டு ஒளிந்தாளோ அது, அறிமுகமில்லாத பதினைந்து பேருக்கு முன்னால், பல் விழுந்த நாய் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவள் நடந்து போய் ஜன்னலில் அவன் பக்கத்தில் நின்றாள்.

"என்ன தெரியணும் உனக்கு, லைல்? கேளு."

"மிஸஸ் ஹெய்ன்," என்று உள்ளேயிருந்து பதறினான் வெண்டல். "நீங்க எதுவும் சொல்லணும்னு அவசியமில்ல! இதெல்லாம் அந்தரங்கம்! பின்னால ஆளுங்க நிக்கறாங்க!"

"என்னோடதுதானே? நான் சொல்லுவேன்." அவள் கணவனைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டு வருஷமாப் படிக்கறேன். கணக்குல ஏ. வாசிப்புப் பயிற்சில ஏ. குழந்தை உளவியல்ல ஏ. உடற்பயிற்சில பி, ஏன்னா அன்னிக்குக் கன்னு போடற மாட்டோட ராத்திரி பூரா கொட்டில்ல உக்காந்திருந்தேன், உனக்கு முதுகுவலின்னு. இன்னும் ரெண்டு பருவம் இருக்கு. அதையும் முடிப்பேன். வேற?"

"உடற்பயிற்சில எப்படி பி போட்டாங்க?" என்றான் லைல். வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"அந்த வாத்தியார் அப்படித்தான்," என்றாள் கைக்கடிகாரப் பெண். "எனக்கு சி போட்டாரு."

லைல் தொப்பியை மாட்டிக்கொண்டான். "சாயங்காலம் பால் கறக்க யாரு?"

"எப்பவும் போல நீயும் நானும்தான். வகுப்பு முடிஞ்சு வந்துடறேன். போ."

போனான். தரையில் சாணித் தடம் கதவுவரைக்கும் இருந்தது.

மார்லிஸ் வெண்டல் பக்கம் திரும்பினாள். "நான் எழுதிக் குடுத்த தாள் எங்க?"

"பத்திரமா இருக்கு," என்றான். "பாருங்க, ஒரு விதத்துல இதுவும் நல்லதுக்குத்தான் ஆச்சு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த மறைப்பு..."

"அத முடிவு பண்ண நீங்க யாரு?"

வெண்டலுக்கு விளங்கவில்லை. கடைசிவரை விளங்கவில்லை. அவள் இன்றைக்கு ஜெயித்துவிட்டாள், அதனால் தான் செய்தது சரி என்பது அவன் கணக்கு. லைல் வேறொரு நாளில், வேறொரு இடத்தில், ஹோல்வே கோயிலின் காப்பி நேரத்தில் தொப்பியைக் கழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

அவள் முறையாகப் புகார் எழுதினாள். புகார் கொடுக்கிற இடமும் அதே ஜன்னல்தான். வெண்டலே வாங்கி, தேதி முத்திரை குத்தி, மேலே அனுப்பினான். கோட்டு சூட்டு போட்ட மூன்று பேர் குழுவாக உட்கார்ந்து விசாரித்தார்கள். பல நாள் கழித்து அவளுக்குப் பதில் வந்தது. நடந்ததற்கு வருந்துகிறோம், அலுவலக நடைமுறை திருத்தப்பட்டுவிட்டது என்று இருந்தது. சம்பந்தப்பட்ட ஊழியர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அவள் நேரில் போய்க் கேட்டாள். குழுவின் தலைவர் விரல்களைக் கோத்துக்கொண்டு, "அத நாங்க சொல்ல முடியாதும்மா. அது அந்த ஊழியரோட அந்தரங்கம்" என்றார்.

இப்படிப் பேசுகிறவர்களுக்கு இரவில் தூக்கம் வருகிறது என்பதுதான் ஆச்சரியம்.

நடவடிக்கை ஒன்றும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். சம்பளம் குறையவில்லை, பதவி இறங்கவில்லை. திருத்தப்பட்ட நடைமுறை இதுதான்: ஜன்னலுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் பட்டை ஒட்டினார்கள். முறை வராதவர்கள் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். கண்ணாடியில் இருந்த ஓட்டையை நன்றாகப் பெரிதாக்கினார்கள். எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சீட்டில் எழுதி நீட்டினால் போதும். ஜன்னலில் இருப்பவர் தாழ்ந்த குரலில் மட்டும் பேச வேண்டும்.

தூக்கில் போட்டிருந்தால்கூட வெண்டல் அப்படி வாடியிருக்க மாட்டான். "என்னை ஊமையாக்கிட்டாங்க," என்று ஆர்டிஸிடம் புலம்பினான். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே," என்றாள் அவள். மீன் வறுவல் மேசையிலும் சரக்கு மெலிந்துகொண்டே வந்தது. மருந்துக்கடைக்காரர் வேறு ஒருநாள் பிராந்தியோடு எழுந்து வந்து, தன் மூக்கு மச்சத்தைப் பற்றி இன்னொரு தடவை பேசினால் வெண்டலின் மூக்கு இருக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மார்லிஸ் மிச்சமிருந்த இரண்டு பருவத்தையும் முடித்தாள். லைல் திருந்தினான் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். கொட்டிலில் முணுமுணுத்தான், மாட்டிடம் அவளைப் பற்றிக் குறை சொன்னான். ஆனால் ஊருக்கு முன்னால் அந்த நாடகத்தை மறுபடி போட அவனுக்குத் தைரியம் வரவில்லை. தீவன ஆலைக்காரரின் பேரன் பள்ளியில், பயிற்சி ஆசிரியையாக வந்த அவளிடம்தான் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தான். அங்கே போய் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

ஹோல்வே பள்ளியில் அவளுக்கு வேலை உறுதியானதும், மொத்த மதிப்பெண் சான்றிதழை முத்திரையிட்ட உறையில் வாங்கிக்கொள்ளப் பெல்மருக்கு வந்தாள். மே மாதம். வரிசை கதவுக்கு வெளியே வரை நீண்டிருந்தது. அவள் மஞ்சள் பட்டைக்குப் பின்னால் காத்து நின்று, முறை வந்ததும் ஜன்னலுக்குப் போய்ச் சீட்டை நீட்டினாள்.

வெண்டல் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எழுந்து போய்க் கோப்பை எடுத்தான். பிரித்துப் பார்த்தான், எல்லாம் ஏ, ஒரே ஒரு பி. அவன் வாய் தானாகத் திறந்தது. பட்டைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை. ஒருவன் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். திறந்த வாயை வெண்டல் மூடினான். நகலை உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, ஓட்டை வழியாக நீட்டினான்.

"நன்றி," என்றாள் மார்லிஸ், மெதுவாக.

வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்த வரிசையில் ஒருத்தருக்கும் அவள் யார், எதற்கு வந்தாள், என்ன வாங்கிப் போனாள் என்று தெரியாது.

"அடுத்தது," என்றான் வெண்டல், தாழ்ந்த குரலில்.

யாரும் வரவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பக்கக் கதவைத் திறந்து வெளியே வந்து, ஆப்பிள் தின்றுகொண்டிருந்தவனைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டான்.